முதலில் ஒரு குறை

ஆத்தே,

இன்று மதியம் அலுவலகத்துச் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் புளித்த வினாகிரியும் உள்ளிப்பூண்டும் சேர்ந்து கொதித்த வாசனை மூக்கில் ஏறியது. மைக்ரோவேவுக்கு முன்னால் யாரோ முதுகு காட்டி நின்றார்கள். உங்கள் சமையலின் வாசனை அது; நீங்கள்தான் என்று நினைத்து வாயைத் திறந்துவிட்டேன். திரும்பியவர் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிலிப்பினோக்காரர், நாற்பது வயது மதிக்கலாம். வாசனைக்கு மன்னிப்புக் கேட்டார். நல்ல வாசனைதான், மூடியைத் திறந்தே வையுங்கள் என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. மொன்றியலின் இதே புவாண்ட்-கிளேர்ப் பக்கத்தில், இதே மாதிரி ஓர் அறையில், மீன் குழம்பைச் சூடாக்கிவிட்டு நானும் ஒருகாலத்தில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுத் திரிந்தவள்.

மேசைக்குத் திரும்பியும் வேலை ஓடவில்லை. நீங்கள் போய் எட்டு மாதம். இந்த எட்டு மாதமும் எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டதை வினாகிரி வந்து எழுதவைக்கிறது. நாங்கள் கதைத்ததெல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் என் ஞாபகத்தில் நீங்கள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறீர்கள். எப்போது மாறினீர்களோ தெரியாது. அப்படியே எழுதிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

உங்களை முதலில் கண்டது கோட்-டே-நேஜ் நூலகத்தில். லவாலுக்கு மெட்ரோ இன்னும் போகாத காலம். வீட்டில் கணினி இல்லாதவர்கள் நூலகத்தில் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தால் ஒரு மணித்தியாலம் கிடைக்கும். பண்டகசாலை ஒன்றில் பெட்டிகளின் எண்களைப் பதிவதுதான் அப்போது என் வேலை. கொழும்பில் படித்த புரோகிராம் எழுத்து கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்று ஞாயிறுதோறும் நூலகத்துக்கு வருவேன். அன்றைக்குக் கிடைத்த ஒரு மணித்தியாலத்தில் இருபது நிமிடம் ஓர் அடைப்புக்குறியைத் தேடுவதிலேயே போனது. மீசை மாதிரி நெளிந்திருக்கும் அந்த அடைப்புக்குறி இல்லாமல் எங்கள் தொழிலில் பத்து வரி எழுத முடியாது. கியூபெக் விசைப்பலகையில் அது இருக்கவேண்டிய இடத்தில் வேறேதோ பிரெஞ்சு எழுத்து குந்தியிருந்தது. கடைசியில் ஓர் இணையப் பக்கத்திலிருந்து அடைப்புக்குறியைப் பிரதியெடுத்து ஒவ்வொரு இடமாக ஒட்டத் தொடங்கினேன்.

பக்கத்துக் கதிரையில் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. நீங்கள் சாய்ந்து, வலப்பக்க ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு பக்கத்திலே தேடச் சொன்னீர்கள். அடைப்புக்குறி வந்து விழுந்தது.

"நான் மூண்டு ஞாயிறு உதே மாதிரி ஒட்டினனான்" என்றீர்கள்.

மனிலாவில் ஒரு வங்கியில் ஆறு வருடம் புரோகிராம் எழுதியவர். இங்கே வெஸ்ட்மவுண்ட் மேட்டில் ஒரு வயோதிப அம்மாவைப் பராமரிக்கிற வேலைக்கு வந்திருந்தீர்கள். அந்த வீட்டிலேயே தங்கி இரண்டு வருடம் முடித்தால்தான் வேறு வேலை செய்ய அனுமதி வரும். அதற்குள் தொழில் மறந்துபோகுமோ என்பதுதான் உங்கள் பயம். ஞாயிறு உங்கள் விடுமுறை நாள். மற்றப் பெண்கள் பிளமொண்டோன் மெட்ரோப் பக்கம் கடை கடையாகச் சுற்ற, நீங்கள் நூலகத்தில் இருந்தீர்கள். அந்த மணித்தியாலத்திலும் பாதியை உங்களுக்காகச் செலவழிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மொன்றியலில் இருக்கும் பிலிப்பினோ புரோகிராமர்களுக்கென்று ஓர் இணையக் குழு தொடங்கியிருந்தீர்கள். அப்போது அதில் ஒன்பது பேர். ஒருவர் ஹோட்டலில் பாத்திரம் கழுவினார், ஒருவர் இரவுக் காவலாளி, நாலு பேர் உங்களைப் போலப் பராமரிப்பு வேலை.

நான் கொஞ்சம் நக்கல் அடித்தேன், ஒத்துக்கொள்கிறேன். உலகத்துப் புரோகிராமர்கள் எல்லாரும் கூடுகிற பெரிய பெரிய தளங்கள் இருக்க, ஓர் ஊருக்கு, அதுவும் ஒரு நாட்டாருக்கு மட்டும் இப்படி ஒன்று எதற்கு என்று கேட்டேன். நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

"அங்கை கேட்டால் புரோகிராமுக்கு மறுமொழி வரும். அடைப்புக்குறி எங்கையெண்டு கேட்டால் சிரிப்பினம்" என்றீர்கள்.

உண்மைதான். உங்கள் குழுவின் முதல் பதிவே அந்த ஆல்ட் விசைதான். அதற்குக் கீழே எந்தக் கம்பனி மனிலா அனுபவத்தை அனுபவமாக எடுக்கும், நேர்காணலில் எந்த இடத்தில் பிரெஞ்சுக்கு மாறுவார்கள், பொஞ்ஜூர் என்று தொடங்கியபின் ஆங்கிலத்துக்கு எப்படி மரியாதையாக இறங்குவது, எந்த நூலகத்தில் வரிசை குறைவு என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனது. உலகத் தளங்களில் இதெல்லாம் கிடைக்காது. நூற்று அறுபத்தைந்தாம் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்குத்தான் தெரியும். என்னையும் சேர்த்துக்கொண்டீர்கள். இவர் பிலிப்பினோ இல்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, இவரும் அடைப்புக்குறி கிடைக்காமல் அலைந்தவர் என்று எழுதினீர்கள். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் குழுவில் ஒரு பழக்கம் எனக்கு உடனே பிடித்துப்போனது. வயதில் மூத்த பெண் என்றால் ஆத்தே, மூத்த ஆண் என்றால் குயா. எங்கள் அக்கா, அண்ணை மாதிரித்தான். வெறும் பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. முன்பின் காணாத ஆட்கள்கூட ஆத்தே என்று தொடங்கிக் கேள்வி கேட்கும்போது சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அந்தப் பழக்கம்தான் உங்களை ஒருநாள் கவிழ்த்தது.

இரண்டு வருடம் முடிந்து உங்களுக்கு அனுமதி வந்த பனி மாரி அது. இருபத்தேழு இடத்துக்கு விண்ணப்பித்தீர்கள். ஒரேயொரு இடம் கூப்பிட்டது, லவாலில் ஒரு சின்னக் கம்பனி. வாடிக்கையாளர் பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தி ஒவ்வொருவருக்கும் கடிதம் அச்சிடும் ஒரு புரோகிராமை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். நீங்கள் எழுதினீர்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, தன் பிழை தனக்குத் தெரியாது என்று சொல்லி, இரண்டு நாள் முன்னதாகவே குழுவில் போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். அதற்குள் குழுவில் முப்பது பேருக்கு மேல் சேர்ந்திருந்தோம். அருமை ஆத்தே, அற்புதம் ஆத்தே, வேலை உங்களுக்குத்தான் ஆத்தே என்று பதில்கள் குவிந்தன.

நான் அதைப் பண்டகசாலைக்குக் கொண்டுபோய் எங்கள் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். தலையில் கோடு போட்ட E-யில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் Z-க்கும் பிறகு, பட்டியலின் அடியில் போய் நின்றன. இந்த ஊரில் அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் இல்லாத பட்டியலே கிடையாது. இங்கே வேலை செய்கிற புரோகிராமர் யாரும் முதல் மாதத்திலேயே இந்தக் குழியில் விழுந்து எழும்பியிருப்பார்கள். நீங்கள் இங்கே இன்னும் வேலை செய்யவில்லையே. நான் பதில் எழுத உட்கார்ந்தேன். இவர் ஆத்தே. குழுவைத் தொடங்கியவர். முப்பது பேர் அருமை என்று சொன்ன பிறகு, வெளியிலிருந்து வந்த நான் போய்ப் பிழை என்பதா? தெரிந்துதான் விட்டிருப்பாரோ? பிறகு 'மிக அழகு, ஆத்தே' என்று எழுதி அனுப்பினேன். அந்த இரண்டு சொல்லையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஃபோன் எடுத்தீர்கள். உங்களை நேர்காணல் செய்த அம்மா கம்பனி ஊழியர்களின் பட்டியலையே கொடுத்து ஓட்டச் சொன்னாராம். அவருடைய பெயர் அந்த எழுத்தில் தொடங்குவது. தன் பெயரைப் பட்டியலின் கடைசியில் கண்டு சிரித்துவிட்டு, மெர்சி என்று நன்றி சொல்லி எழும்பிவிட்டாராம். சொல்லும்போது நீங்கள் அழவில்லை. பஸ்ஸுக்கு நிற்பதாகவும் கை விறைப்பதாகவும் சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் கண்டிருந்ததைச் சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு குழுவின் மாதக் கூட்டம். வழக்கம்போல தேவாலயத்தின் நிலவறை, வழக்கம்போல தட்டு நிறைய நூடுல்ஸ். எல்லோரும் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வரிசையாக வந்தார்கள். நீங்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பிழையை முதலே கண்டவர்கள் கையை உயர்த்துங்கள் என்றீர்கள். பிறகு காவலாளி வேலை செய்த குயா ரமோன், உங்கள் எல்லோரிலும் மூத்தவர், மெதுவாகக் கையைத் தூக்கினார். பின்னால் இன்னொன்று. நான் தூக்கினேன். எண்ணிப் பார்த்தீர்கள். பதினொரு கை.

"பதினொரு பேர் கண்டிருக்கிறியள். ஒருத்தரும் சொல்லேல்லை" என்றீர்கள். திரும்பவும் எங்கள் கைகளைப் பார்த்து, "அப்ப நான் பிழையாலை தோக்கேல்லை. மரியாதையாலை தோத்தனான்."

குயா ரமோனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. நீங்கள் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் ஆறியிருப்போம். தட்டைத் திரும்பவும் எடுத்து நூடுல்ஸைச் சாப்பிட்டு முடித்தீர்கள், அவ்வளவுதான்.

அடுத்த நாள் குழுவில் புதிதாக ஒரு பகுதி திறந்திருந்தது. அங்கே ஆத்தே இல்லை, குயா இல்லை, வெறும் பெயர்தான். பதில் எழுதுகிறவர் முதல் வரியில் ஒரு குறை எழுத வேண்டும். பாராட்டு அதற்குப் பிறகு. குறை தெரியாவிட்டால், எங்கெங்கே தேடிப் பார்த்தேன் என்று எழுத வேண்டும். முதல் பதிவாக, லவாலில் தோற்ற உங்கள் புரோகிராமையே போட்டிருந்தீர்கள். நான் முந்திக்கொண்டேன். 'முதலில் ஒரு குறை: தலைக்கோடு போட்ட எழுத்துகள் கடைசிக்குப் போகின்றன. இதை நான் முன்பே கண்டேன்.' உங்கள் பெயரை வெறுமையாக எழுத விரல் மறுத்தது. எழுதினேன்.

சட்டம் போட்டவுடன் நடந்துவிட்டதா என்ன? முதல் சில கிழமை வந்த குறைகள் சிரிப்பாக இருந்தன. நிறம் கொஞ்சம் மங்கல் என்றார் ஒருவர். தயவுசெய்து மன்னிக்க வேண்டும், ஒரு சின்னஞ்சிறு காற்புள்ளி விஷயம் என்றார் இன்னொருவர். குயா ரமோனின் புரோகிராமில் ஒருவர் உண்மையாகவே பிழை பிடிக்க, அவர் இரண்டு மாதம் குழுப்பக்கம் தலைகாட்டவில்லை. அவரை விட்டுவிடுவோம் என்று மற்றவர்கள் சொன்னபோது நீங்கள் அவர் காவல் காக்கும் கட்டடத்துக்கே போய், வாசலில் அவரோடு கோப்பி குடித்துக் கூட்டிவந்தீர்கள். வந்தவர் முதல் வேலையாக உங்கள் புரோகிராமில் நாலு பிழை பிடித்தார்.

இதை வீட்டில் சொன்னபோது என் கணவர் எங்கள் கோவில் கதையை ஞாபகப்படுத்தினார். கோவில் இணையத்தளத்தைச் செய்த அண்ணை, தேர்த் திருவிழாவைப் புதன்கிழமை என்று போட்டுவிட்டார். ஞாயிறு என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. புரோசார்டிலிருந்து மூன்று குடும்பம் புதன்கிழமை பட்டுடுத்தி வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுப் போனது. ஏன் சொல்லவில்லை என்று இவரிடம் கேட்டேன். "அண்ணைக்கு ஆர் சொல்லுறது?" என்றார். இந்த நோய்க்கு நாடு கிடையாது என்று உங்களுக்கு எழுதினேன். நீங்கள் சிரிப்புப் படம் மூன்று அனுப்பினீர்கள்.

பிறகு என்னுடைய முறை வந்தது. இந்தக் கம்பனி வேலைக்கு விண்ணப்பித்தபோது என் புரோகிராமைக் குழுவில் போட்டேன். பதினாறு குறை. அதில் ஐந்து உங்களுடையவை. அன்று பின்னேரம் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உதென்ன, எல்லாரும் பிழை பிழையெண்டு எழுதியிருக்கினம், நீர் சிரிச்சுக்கொண்டிருக்கிறீர்?" என்று கேட்டார். என்னை ஒருவர் இவ்வளவு கவனமாகப் பார்த்து எவ்வளவு காலம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? பண்டகசாலையில் ஐந்து வருடம் என் எழுத்தை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. வேலை கிடைத்தது. எனக்கு நாலு மாதம் முன்னால் உங்களுக்கும் புரோசார்டில் கிடைத்திருந்தது. அதற்கு நீங்கள் எழுதிய புரோகிராமில் குழு முப்பத்தெட்டுக் குறை பிடித்ததை நீங்கள் பெருமையாகச் சொல்லித் திரிந்ததை மறக்க முடியாது. மற்றவர்கள் பட்டத்தைச் சொல்வார்கள், நீங்கள் குறைகளின் எண்ணிக்கையைச் சொன்னீர்கள்.

நல்ல நாலு வருடம் அது. பாத்திரம் கழுவியவர் இப்போது பழைய துறைமுகப் பக்கம் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் இருக்கிறார். குயா ரமோன் ஓர் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில். ஒரு இடத்தில் ஆள் தேவை என்றால் விளம்பரம் வருமுன் குழுவுக்குத் தெரியும்.

போன வருடக் கடைசியில் குழுவில் உங்கள் கணக்கிலிருந்து நாலு வரி வந்தது. எழுதியவர் நீங்கள் இல்லை, மனிலாவிலிருந்து வந்திருந்த உங்கள் தங்கை. ஏழு மாதமாக நோய் என்றார். இன்று காலை போய்விட்டீர்கள் என்றார். நான் பைத்தியம் மாதிரி உங்கள் பழைய பதிவுகளை நாள் பார்த்துத் திருப்பிப் படித்தேன். அந்த ஏழு மாதத்தில் நூற்றுக்கு மேல் பதில் எழுதியிருந்தீர்கள். கடைசியாக எழுதியது யாரோ ஒருவருக்கு, பிரெஞ்சு விசைப்பலகை பற்றி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். ஒரு எழுத்து எங்களுக்குச் சொல்லவில்லை. செய்தி கேட்டு எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பூவுடலைப் பார்க்க வந்த வரிசை தெரு வரைக்கும் நின்றது. அதில் பாதிப்பேர் உங்களை முதல்முதலாகக் காண்கிறவர்கள்.

உங்களுக்குப் பிறகு குயா ரமோன் குழுவில் இன்னொரு பகுதி திறந்தார், புரோகிராம் அல்லாத சங்கடங்களுக்கு. இரண்டு கிழமை யாரும் எழுதவில்லை. பிறகு நான் எழுதினேன். அலுவலகக் கூட்டம் பிரெஞ்சில் நடக்கும்போது பாதி எனக்கு விளங்குவதில்லை, விளங்கின மாதிரித் தலையாட்டுகிறேன், பயமாக இருக்கிறது என்று. எழுதிவிட்டு வெட்கத்தில் கணினியை மூடிவைத்தேன். காலையில் ஒன்பது பதில். முதலாவது பதில் இப்படித் தொடங்கியது: 'முதலில் ஒரு குறை: இதை ஐந்து வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டும்.' இப்போது செவ்வாய்க்கிழமை மதியங்களில் குழுவில் ஐந்து பேர் ஃபோனில் கூடிப் பிரெஞ்சு கதைக்கிறோம். அந்தப் பகுதியில் ஒருவர் மார்பில் ஏதோ கட்டி மாதிரித் தடிப்பதாக எழுதி, மற்றவர்கள் நெருக்கி, வேளைக்கே மருத்துவரிடம் போய்வந்தார். ஒன்றுமில்லையாம். எல்லோரும் குதித்தோம்.

இன்று மதியம் வினாகிரிச் சோறு சூடாக்கினாரே, அந்தப் புதியவர், பின்னேரம் என் புரோகிராமைப் பார்த்துக் கருத்து அனுப்பினார். நான் அவரைவிட மூத்தவள், பதவியிலும் மேல். முதல் வரி: 'முதலில் ஒரு குறை.' நான் கதிரையோடு அவர் மேசைக்கு உருண்டு போய், இது எங்கே பழகினது என்று கேட்டேன். மனிலாவில் இருக்கும்போதே மொன்றியல் குழுவில் சேர்ந்தாராம். அங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்களாம். யார் தொடங்கியது என்று அவருக்குத் தெரியாதாம். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லப் போகிறேன். உங்கள் பெயரை வெறுமையாக, ஆத்தே போடாமல் சொல்வேன். உங்கள் விதி அப்படி.

பாருங்கள், ஒரு மடல் முழுக்க உங்களைப் புகழ்ந்துகொண்டே வந்துவிட்டேன். விதிப்படி குறையை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பழைய மரியாதை லேசில் போகாது. இப்போதாவது எழுதுகிறேன்.

முதலில் ஒரு குறை: ஏழு மாதம் நீங்கள் எங்களைக் கேட்கவில்லை. நாங்கள் பதினொரு பேர் ஒருநாள் வாய் மூடி இருந்தோம், நீங்கள் ஏழு மாதம் இருந்தீர்கள். என்னுடைய பிழையை நீங்கள் மன்னித்தீர்கள். உங்களுடையதை நான் இன்றுதான் மன்னிக்கிறேன்.

பாராட்டு: அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தேடுகிற ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.